இங்கு அரசியல் பேசாதீர்: கைபேசியில் இறங்குவதா, ஒதுங்குவதா?

அப்பா டிரெடில் இயந்திரத்தில் அச்சடித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் அச்சகத்தில் இரண்டு அட்டைகளுக்கு எப்போதும் கிராக்கி. ஒன்று, ‘கடன் அன்பை முறிக்கும்’. மற்றது, ‘இங்கு அரசியல் பேசாதீர்’. சிவப்பு மையில் நூறு நூறாக அடித்து அடுக்கி வைத்திருப்பார். பாளையங்கோட்டைக் கடைக்காரர்கள் மட்டுமல்ல, முக்கூடல், களக்காடு, நாங்குநேரிப் பக்கமிருந்தும் டீக்கடைக்காரர்களும் முடிதிருத்தும் கடைக்காரர்களும் வந்து வாங்கிப் போவார்கள். அந்த அட்டைக்குக் கீழேயே பெஞ்சில் உட்கார்ந்து, நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அரசியல்தான் பேசுவார்கள். பேச்சை நிறுத்த அந்த அட்டையால் ஒருநாளும் முடிந்ததில்லை. குரல் உயரும்போது கடைக்காரர் வாயைத் திறக்காமல் விரலை மேலே காட்டுவதற்கு ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கைபேசிக்கும் அப்படி ஓர் அட்டை அடித்துக் கொடுங்கள் என்று 2024 தேர்தல் நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் கேட்டார். பாதி வேடிக்கை, பாதி வருத்தம். தங்கை வீட்டுக்காரர் அவரோடு பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு தலைவரின் படத்துக்குக் கீழே இவர் எழுதிய ஒற்றை வரிதான் காரணம். நான் எல்லாக் கட்சிக்கும் நோட்டீஸ் அடிக்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. இணையத்தில் அரசியல் பேச்சு வந்தால் இறங்கிப் பேசுவதா, ஒதுங்கிப் போவதா? இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். நடுவில் இருக்கிற சில வழிகளிலும் நடந்து பார்த்துவிட்டேன்.

ஒதுங்குவதில் சுகம் இல்லாமல் இல்லை. 2022 முதல் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஓசைப்படாமல் விலகிவிடலாம். அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும். பள்ளியில் கூடப் படித்தவர்கள் குழுவிலிருந்தும், தொழில் குழு ஒன்றிலிருந்தும் அப்படித்தான் வெளியே வந்தேன். காகித விலை பேசத் தொடங்கிய குழு அது. கடைசியில் கூட்டணிக் கணக்கு மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கை அரித்தது. பிறகு இரவு பத்து மணிக்கே தூக்கம் வந்தது. என்னை யாரும் தேடவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் குடும்பக் குழுவிலிருந்து அப்படி வர முடியாது. எங்கள் சாஸ்தா கோயில் வகையறாவுக்கு ஒரு குழு இருக்கிறது. எண்பத்து மூன்று பேர். அதிலிருந்து விலகுவது பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்து போவதற்குச் சமம். அதனால் நான் பலரும் செய்வதைச் செய்தேன். உள்ளே இருந்துகொண்டே ஒலியை அடைத்து வைத்தேன். பேசுவதில்லை, பார்ப்பதும் அபூர்வம்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவும் அது அடைத்தே கிடந்தது. அந்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சென்னை ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோனது. இங்கே தாமிரபரணி கரை தாண்டி மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை என்று வீடுகளுக்குள் வந்தது. மீனாட்சிபுரத்தில் தனியாக இருக்கும் என் அத்தை வீட்டில் தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டுவிட்டது என்று, வெளியூரிலிருக்கும் அவர் மகன் விடிகாலை நாலு மணிக்குக் குழுவில் எழுதியிருக்கிறான். நான் அதைப் பார்த்தபோது மணி எட்டு. அதற்குள் எதிர்வீட்டுப் பையன்கள் அத்தையை மாடிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

நான் பார்க்காதது என் தவறு. ஆனால் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்தச் செய்தி தெரியவில்லை. அதற்கு மேலும் கீழும் நூற்று நாற்பது செய்திகள் கிடந்தன. வானிலை எச்சரிக்கை முன்கூட்டியே வந்ததா இல்லையா, பிழை மத்திய அரசு மீதா மாநில அரசு மீதா என்று இரண்டு மச்சான்கள் விடிய விடிய மல்லுக்கு நின்றிருந்தார்கள். அந்த வழக்கு தில்லியிலும் சென்னையிலும் பேசித் தீர்க்க வேண்டியது. அங்கே நடக்கவும் செய்தது. அத்தை வீட்டுப் படியில் தண்ணீர் ஏறும் நேரத்தில் எங்கள் குழுவில் அதற்கு என்ன வேலை? அன்று ஒரே ஒருவர்தான் உருப்படியாகப் பேசியிருந்தார். அணை உடைந்துவிட்டது என்று யாரோ அனுப்பிய குரல் பதிவுக்கு, பாபநாசத்தில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், “உடையவில்லை, மதகு வழியாகத் திறந்துவிடுகிறார்கள், தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேலே போங்கள்” என்று மூன்றே வரி எழுதியிருந்தார். தெரிந்ததை எழுதினார், அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆக, முற்றாக ஒதுங்குவதும் சரிப்படவில்லை. விழுந்து விழுந்து பேசுவதும் சரிப்படவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அக்கா மகன் ஒரு யோசனை சொன்னான். பழைய குழு விசேஷம், துக்கம், அவசரம் இந்த மூன்றுக்கு மட்டும். அரசியல் பேச ‘பெஞ்சு’ என்ற பெயரில் தனிக் குழு. முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். இரண்டு வாரத்தில் பெஞ்சு காலியாகிவிட்டது. பேசினவர்கள் எல்லாரும் பழைய குழுவுக்கே திரும்பினார்கள். மாப்பிள்ளைமார், மதினிமார், சம்பந்தி வீட்டுக்காரர்கள் யாரும் இல்லாத இடத்தில் பேசி என்ன பயன் என்று நினைத்திருப்பார்கள். வாதத்தில் பாதி எதிராளிக்காக இல்லை, வேடிக்கை பார்ப்பவர்களுக்காக என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதே பாடத்தை என் தலையிலேயே கட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். 2024 மார்ச். வாக்குப்பதிவு ஏப்ரல் 19 என்று அறிவித்தாயிற்று. சித்தப்பா ஒரு பாலத்தின் படம் போட்டார், இன்ன ஆட்சியில் நம் மாவட்டத்தில் கட்டியது என்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எழுத்துப் பிழை இல்லாத செய்தி அவருக்குப் பொய்யாகத் தெரியாது. அந்தப் பாலம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. எனக்குப் படம் பார்த்தே தொழில் என்பதால் ஐந்து நிமிடத்தில் மூலத்தைக் கண்டுபிடித்து, ஆதாரத்தோடு குழுவிலேயே போட்டேன். பதினாலு கட்டைவிரல் விழுந்தது. அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

இரண்டு வாரம் கூட ஆகவில்லை, பங்குனி உத்திரம். எல்லாரும் சாஸ்தா கோயிலில் கூடியிருந்தோம். பூசை முடிந்து சித்தப்பா வரிசையாகத் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்றவனுக்கு நெற்றியில் இட்டுவிட்டார். எனக்கு அடுத்து நின்ற சிறுமிக்கும் இட்டார். என் நெற்றிக்கு மட்டும் அந்தக் கை வரவில்லை. தட்டை என் பக்கம் சற்றுச் சாய்த்தார், நீயே எடுத்துக்கொள் என்பதுபோல. நானே எடுத்துப் பூசிக்கொண்டேன். பிறகு சித்தி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “பாலம் எங்கே இருந்தால் என்னப்பா? இரண்டு மாப்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டாயே. ஒரு போன் செய்து சொல்லியிருக்கக் கூடாதா?”

பாலத்தைப் பற்றி நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்கு அடுத்த மூன்றரை வாரத்தில் சித்தப்பா முன்பைவிட இரண்டு மடங்கு அனுப்பினார் என்பதும் உண்மை.

தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து, முதியோர் உதவித்தொகையை நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு செய்தி அவரிடமிருந்து வந்தது. மேலே இரட்டை அம்புக்குறி. பலமுறை கை மாறிய செய்திக்கு வாட்ஸ்அப் போடும் குறி அது. 2020 முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் அனுப்ப முடியும். சித்தப்பாவுக்கு அது தடையே இல்லை, பொறுமையாக ஒவ்வொன்றாக அனுப்புவார். இந்த முறை நான் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. போன் செய்து, சித்தியின் முட்டிவலி விசாரித்து, தமிழ்நாடு தகவல் சரிபார்ப்பகம் போன்ற இடங்களில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். “அனுப்பினவன் படித்தவன்தான்” என்றார். மறுநாள் காலை அந்தச் செய்தி நீக்கப்பட்டிருந்தது. அதே இடத்தில் ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான்.

எனவே பெரியவர்களிடம், உறவினர்களிடம் என்றால் என் வாக்கு தனியாகச் சொல்வதற்கே. மெதுவான வழி, கைதட்டல் கிடைக்காது. ஆனால் நான் பார்த்தவரை பொய்ச் செய்தி ஒன்று உண்மையிலேயே கீழே இறங்கியது இந்த வழியில்தான். உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து வரும் பொய் என்றால் கதை வேறு. பாபநாசத்து உறவினர் செய்ததுபோல அங்கேயே, அப்போதே சொல்லிவிட வேண்டும். மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் எழுத்தில் தொடவே மாட்டேன். எங்கள் பக்கத்தில் எந்த அரசியல் வாதமும் மூன்றாவது பதிலில் சாதிக்கு வந்துவிடுகிறது. சுவரொட்டிக்கு மை கலக்கும்போதே எந்த நிறம் எந்தப் பக்கம் என்று அச்சகக்காரனுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைக்கூடத் தடுக்கச் சொன்னது. கயிற்றுக்கே இந்த நிலை என்றால் கைபேசியில் எழுதும் வாக்கியத்துக்கு எவ்வளவு நெருப்பு இருக்கும்? சாதியைப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசத்தான் வேண்டும். நேரில், முகம் பார்த்து, டீ ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும். குழுவில் எழுதினால் அதில் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து இன்னொரு ஊருக்கு அனுப்ப ஒருவன் எப்போதும் இருக்கிறான்.

முகமூடிக் கணக்கு வைத்துப் பேசுவதையும் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மரியாதை இல்லை. காரணம் என் தொழிலில் இருக்கிறது.

தேர்தல் நோட்டீஸ் எதை அடித்தாலும் அடியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 127அ. வெளியிடுபவர் யார் என்ற உறுதிமொழிப் படிவம் இரண்டு பிரதி வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்ததும் படிவமும் நோட்டீஸும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த ஒரு வரி அடியில் இருப்பதால் மனிதர்கள் எவ்வளவு மாறுகிறார்கள் என்பதை புரூஃப் மேசையில் பார்க்க வேண்டும். ஒரு கட்சிக்காரர் என் சிவப்புப் பேனாவை வாங்கி, நோட்டீஸில் ‘திருடர்கள்’ என்று இருந்ததை அடித்துவிட்டு, ‘கடமை தவறியவர்கள்’ என்று எழுதினார். கீழே அவர் பெயர் இருந்ததே. கையெழுத்துப் போட்டுவிட்டுப் படி இறங்கினார். அவர் வண்டியை எடுப்பதற்குள் என் கைபேசி ஒலித்தது. அவர்தான் அனுப்பியிருக்கிறார். ‘திருடர்கள்’ எவ்வளவோ தேவலை என்று சொல்ல வைக்கும் சொல் அதில் இருந்தது. அடியில் யார் பெயரும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஓர் உரைகல் கிடைத்தது. எதையாவது எழுதவோ அனுப்பவோ கை போனால், இதன் அடியில் எங்கள் அச்சகப் பெயரைப் போடுவேனா என்று பார்க்கிறேன். போட மாட்டேன் என்றால் அனுப்புவதில்லை. எழுத நினைப்பதில் முக்கால்வாசி இங்கேயே நின்றுவிடுகிறது.

பெயர் இல்லாவிட்டாலும் சட்டம் தேடி வரும் என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2012இல் மகாராஷ்டிரத்தில் முகநூலில் எழுதிய ஒரு பெண்ணையும், அதற்கு விருப்பக்குறி போட்ட இன்னொரு பெண்ணையும் கைது செய்தார்கள். அந்த விவகாரத்தைத் தொடர்ந்து எழுந்த வழக்கில்தான், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் ரத்து செய்தது. அதோடு கவலை விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பகைமை வளர்ப்பதற்கு 196ஆம் பிரிவும், பீதியூட்டும் பொய்க்கு 353ஆம் பிரிவும், அவதூறுக்கு 356ஆம் பிரிவும் இருக்கின்றன. நான் எழுதவில்லை, அனுப்பினேன் என்பதும் கைகொடுக்காது. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் 2018இல் யாரோ எழுதியதை முகநூலில் பகிர்ந்து, பிறகு நீக்கி மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அனுப்பிய செய்தியை வில்லிலிருந்து புறப்பட்ட அம்போடு ஒப்பிட்டது அந்தத் தீர்ப்பு. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

குழு அட்மின்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. வெறும் அட்மினாக மட்டும் இருந்தவர் என்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரை நீக்கிவிடலாம் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. நல்லதுதான், ஆனால் அதுவரை காவல் நிலையத்துக்கு நடப்பது யார்?

அதனால் ஆளைப் பார்த்துத்தான் யோசனை சொல்ல முடியும். அரசு ஊழியருக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. கட்சி அரசியல் அவருக்கு ஆகாது, ஒதுங்குவதே சரி. காவலர் தேர்வுக்கு வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி விடிகாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பையனும் அப்படியே. எழுத்துத் தேர்வில் தேறி, உடல் தகுதியில் தேறி, கடைசிச் சரிபார்ப்பில் ஒரு வழக்கு எண் குறுக்கே வந்து நின்றால் அவனுக்காக எந்தத் தலைவரும் வர மாட்டார். வளைகுடா நாட்டில் இருக்கும் தம்பிமார்களுக்கு அந்த ஊர்ச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இதைச் சொன்னால் சித்தப்பாவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: வ.உ.சி. நடமாடிய மண்ணில் பேசாமல் இருக்கச் சொல்கிறாயா? நியாயமான கேள்விதான். 1908 மார்ச்சில் அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்ததற்குத்தான் திருநெல்வேலியே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். பேசியதற்கு அவருக்கு முதலில் விதித்தது நாற்பது ஆண்டு. ஆனால் அவர் கூட்டத்தின் முன்னால் சொந்த முகத்தோடு நின்று பேசினார். பேசியது இன்னது என்று மறைக்கவும் இல்லை. பாலத்தின் படத்தை அவரோடு சேர்த்துக் கட்டுவது பெரிய அநியாயம்.

இறங்கிப் பேசுவதில் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிற இடம் ஒன்றுதான். ஊர் விஷயம். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கேரளத்திலிருந்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் எடுத்த படங்கள் கைபேசிகளில் ஓடின, நாளிதழ்களில் ஏறின, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சில நாட்களில் கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிப் போனார்கள். பேசாமல் இருந்திருந்தால் அது இன்றும் அங்கேதான் கிடக்கும். அதே வாரத்தில் மலையாளிகளைத் திட்டியும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று பிரிந்தும் எழுதியவர்களும் ஏராளம். அவர்களால் ஒரு மூட்டைகூட நகரவில்லை. எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மூட்டை என்று எழுதினவர்களால்தான் நகர்ந்தது. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதும் இப்படித்தான். பல வருடம் படமும் மனுவுமாக மக்கள் விடாமல் பேசினார்கள். 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். நானும் இப்போது எங்கள் தெருவில் கழிவுநீர் ஓடும் வாறுகால் பற்றி என் பெயரில் எழுதுகிறேன், படத்தோடு. திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுத்துவிட்டு அதன் ரசீதையும் போடுகிறேன். இதிலும் யாராவது வந்து எந்தக் கட்சி கவுன்சிலர் என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் எழுதுவதில்லை.

போன மாதம் உத்திர நோட்டீஸ் அடிக்கச் சித்தப்பா அச்சகத்துக்கு வந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வரி வரியாகப் புரூஃப் பார்த்தார். ஒரு உபயதாரரின் தலைப்பெழுத்தைத் திருத்தினார். அப்போது அவர் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. படித்தார். வழக்கமாக உடனே விரல் போகும். அன்று கைபேசியை என் பக்கம் நீட்டினார்.

“ஏலே, இது நிஜமா என்று பார்.”

பார்த்தேன். நான் வாக்களிக்கும் கட்சியைப் பற்றியது. அரசாணை எண் வரைக்கும் சரிபார்த்தேன். நிஜம்தான். நிஜம் என்று சொன்னேன். சித்தப்பா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து, எண்பத்து மூன்று பேருக்கும் அதை அனுப்பினார்.